முள்ளைப் பார்த்து மூன்று மூச்சு

அந்தப் படகுத்துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்கிங் அக்கா. ஐம்பத்திரண்டு வயது. முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களை இறக்கி, ஏற்றி, முழுசாக வீட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. அவள் செக்கிங்கில் அவர்கள் படும் பாடாவது மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்காரருக்குத்தான் விடுதலையே கிடையாது.

பாவம், அந்த மனுஷன் பஸ் ஓட்டுகிறவர். காலையில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க, பிரேக் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"டயரு?"

"ஏம்மா, நான் ஓட்டுறது பஸ்ஸு. அது நின்னு போச்சுன்னா கீழ எறங்கித் தள்ளிக்கலாம். உன் கடலுக்கடி மாதிரி மூச்சு நிக்காது."

சினிமாவுக்குப் போனாலும் அதே கதைதான். அவசர வழி எங்கே என்று விரலை நீட்டிக் காட்டின பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார முடியும். இருபத்தாறு வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

சிலிண்டர் வால்வு விஷயத்தில் அக்கா ராட்சசி. யார் கை பட்டாலும் சரி, கடவுளே வந்து திருகினாலும் சரி, அதற்கப்புறம் காற்று மீட்டர் முள்ளைப் பார்த்தபடி மூன்று மூச்சு இழுக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் குதிக்கலாம். இழுக்கும்போது முள் சரிந்தால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு மோசம் உண்டு. அரைகுறை வால்வு படகில் நன்றாகத்தான் காற்று கொடுக்கும். ஆழத்துக்குப் போன பிறகுதான் கழுத்தை நெரிக்கும்.

இப்படிப்பட்டவளைத்தான் கடலை விட்டு வெளியே எடுத்துவிட முதலாளித் தம்பி துடித்துக்கொண்டிருந்தான். அப்பா காலமானதும் இந்த டைவிங் கடையை எடுத்து நடத்துகிறவன். அப்பாவிடமிருந்து கடை வந்தது, கவனம் வரவில்லை. "வயசாச்சுல்லக்கா, முன்னாடி ஏசி ரூம்ல உக்காந்து ஃபாரம் நிரப்பிக் குடுங்களேன். ராணி மாதிரி" என்று நைச்சியமாகப் பேசினான். அந்த வருடத் தகுதித் தேர்வில் அவள் தேறாவிட்டால் ராணிப் பட்டம் நிச்சயம். அன்று வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். "தண்ணிய விட்டு எடுத்தா நான் என்னங்க செய்வேன்? எனக்கு வேற என்ன தெரியும்?" வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தேர்வு நாளில் தேர்வு அதிகாரி வந்தார். சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கையில் தண்ணீருக்கடியில் எழுதுகிற பலகை. அக்காவுக்கு ஜோடியாக இறங்க வேறு ஆள் இருந்தும், அதிகாரி கண்ணில் பட வேண்டும் என்று தம்பியே முந்திக்கொண்டான்.

குதிப்பதற்கு முன் ஜோடிகள் ஒருவர் சாமானை ஒருவர் பார்க்க வேண்டும். தம்பி அக்காவின் முதுகுப்பக்கம் போய், "வால்வு!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்திவிட்டு, ஒரு திருகு திருகினான். முழுக்கத் திறந்து, கால் சுற்று பின்னால் திருப்பு என்று என்றைக்கோ அப்பா சொன்னது அரைகுறையாக ஞாபகம். ஏற்கெனவே திறந்திருந்ததை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்துவைத்தான். எதிர்ப்பக்கம் திருகுகிறோம் என்ற சந்தேகமே அவனுக்கு வரவில்லை.

வால்வில் கை பட்டதை அக்காவுக்கு முதுகு சொன்னது. கை மீட்டரைத் தேடியது. ஆனால் அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பார்த்ததை அவர் முன்னாலேயே மறுபடி பார்த்தால் அவன் முகம் என்னாகும்? இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று குதித்துவிட்டாள். அதிகாரியும் பலகையோடு பின்னாலேயே இறங்கினார்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் மூச்சு கனத்தது. மீட்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தது. தம்பியின் முன்னால் போய், கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுத்துக் காட்டினாள். காற்று இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தம்பி இதுவும் தேர்வில் ஓர் அங்கம் என்று நினைத்து, பிரமாதம் என்று விரலை வட்டமாக்கிக் காட்டினான்!

மடையன். அக்கா அவன் ஜாக்கெட்டில் தொங்கிய உபரிக் காற்றுக் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு இழுத்ததும் உயிர் வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் முதுகைக் காட்டி, திற என்று கையைச் சுழற்றினாள். அவன் உற்சாகமாகத் திருகினான். இருந்த கால் சுற்றும் மூடிக்கொண்டது.

அதற்கு மேல் அவனை நம்ப அவளுக்கு என்ன பைத்தியமா? அவன் காற்றை உறிஞ்சிக்கொண்டே ஜாக்கெட்டைச் சிலிண்டரோடு கழற்றி முன்னால் கொண்டுவந்தாள். வால்வைத் திறந்து, தன் குழாய்க்கு மாறி, முள்ளைப் பார்த்து மூன்று மூச்சு இழுத்தாள். அசையவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள். அதிகாரி தலையை ஆட்டியபடி விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது விதி. பக்கத்திலேயே அவன். அவள் வாயில் குழாய். திட்டுவதற்குக் கைச்சாடை யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று அக்கா வெந்துபோனாள்.

படகில் ஏறியதும் அதிகாரி முகமூடியைக் கழற்றினார். "இந்தப் பயிற்சிய இவ்வளவு தத்ரூபமா யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. முன்னாடியே திட்டம் போட்டீங்களா?"

"அக்கா எப்பவும் இப்படித்தான் சார், புதுசா ஏதாவது செஞ்சு காட்டுவாங்க" என்று தம்பி பல்லை இளித்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு வேலை நிலைக்கும். அவனுக்கு மானம் நிலைக்கும். அக்கா அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"பயிற்சி இல்ல சார். நெஜமாவே காத்து நின்னுச்சு. தம்பி வால்வ மாத்தித் திருகிட்டாரு. கீழ போயும் அதையே செஞ்சாரு."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"அவரச் சொல்லிக் குத்தமில்ல. அவரு கை பட்டதும் நான் முள்ளப் பாத்திருக்கணும். கூச்சப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன். தப்பு என்னுது. எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதவில்லை. பலகையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு எத்தன பேரக் கூட்டிட்டுப் போறீங்க?"

"நாளைக்கா? ஆறு பேரு சார். நீங்க சரின்னு சொன்னா."

"ஏழாக்கிக்கோங்க. என் பொண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கா. நான்தான் பயந்துக்கிட்டு யார்கிட்டயும் விடல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"பொண்ணுக்குச் சளி கிளி இருக்கா சார்?" என்றாள். "இருந்தா கூட்டிட்டு வராதீங்க, ஆழத்துல காது தெறிச்சிடும். எறக்க மாட்டேன்."