வேண்டாம்னு சொல்லத் தெரியாத நாச்சிமுத்து

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கல்யாண மண்டபங்களில் பந்தி விசாரிப்பவர். சிங்காநல்லூரில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை. இலை போட்டதிலிருந்து மோர் ஊற்றும் வரை வரிசை வரிசையாக நடந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பார். இலைக்கு மேலே கையை நீட்டி மறைப்பவர்களை அவர் விட்டதே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கூட இன்னொரு ஜிலேபியைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இப்படி ஊரையே தின்ன வைத்த மனிதர், தனக்கு யாராவது எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். சொன்னால் கொடுத்தவர்கள் மனசு நோகுமாம். கட்டிக்கொண்டு வந்தவள் மனசு நோவதைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

போன வருஷம் முதுகு வலி என்றார். வாளி தூக்கியதால் வந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். வலி குறையவில்லை. பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு மஜ்ஜையில் புற்று, மைலோமா என்று பெயர் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவரோ டாக்டரம்மாவிடம், "காலைல சாப்ட்டீங்களாம்மா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பிரத்யுஷா சின்ன வயசு, பொறுமைசாலி. வாரம் ஒரு ஊசி, கூடவே மாத்திரை என்று சொல்லி, ஊசி என்ன செய்யும் என்பதையும் விளக்கினார்.

"இந்தக் கெட்ட செல்லு ஓயாம புரதம் செஞ்சுட்டே இருக்குதுங்க. அதுல கொஞ்சம் கோணல்மாணலாத்தான் வரும். அதையெல்லாம் வெட்டித் தள்ளறதுக்கு செல்லுக்குள்ளயே மெஷின் இருக்குது. நம்ம ஊசி அந்த மெஷினை நிறுத்திரும். குப்பை சேர்ந்து சேர்ந்து, செல்லு திணறிச் செத்துரும்."

"எச்சல் எலை எடுக்க ஆள் வராட்டி அடுத்த பந்தி போட முடியாது. அப்படித்தானுங்க?" என்றார் இவர்.

"அதேதானுங்க."

"நல்ல செல்லுலயும் அந்த மெஷின் இருக்குமில்லீங்க?" என்று நான் கேட்டேன்.

"இருக்குதுங்க. ஆனா அதுக்கு இவ்வளவு குப்பை இல்லை. ஓரளவு சமாளிச்சுக்கும்."

ஊசி ஆரம்பித்தது. விஷயம் சொந்தத்தில் பரவியது. அந்தச் சமயம் பார்த்து, கிரீன் டீ குடித்தால் புற்று ஓடிப்போகும் என்று எவனோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாக்கெட் கொண்டுவந்தார்கள். நாங்கள் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பச்சை டீத்தண்ணி ஒரு டம்ளர் தயாராக இருந்தது. இவரும் முகம் கோணாமல் குடித்து வைத்தார். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் நம்பர் இறங்கவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற கஷாயம் ஏதாச்சும் குடிக்கறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார் இவர்.

"கிரீன் டீ குடிக்கறாருங்க" என்றேன். "போற வீட்டுல எல்லாம்."

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "அந்தத் தேயிலைல இருக்கற ஒரு சத்து நம்ம ஊசி மருந்தையே போய்ப் புடிச்சுக்குதுங்க. ஆய்வுக்கூடத்துல வெச்சுப் பாத்திருக்காங்க. மனுச உடம்புல எவ்வளவு நடக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்களை வெச்சு நான் சோதனை பண்ண மாட்டேன். இன்னையோட நிறுத்தீருங்க."

"ஒரு வாய் ரெண்டு வாய் குடிக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க. மெஷினை அரைகுறையா நிறுத்தினா செல்லு சும்மா இருக்காது. குப்பையை ஒரு மூலைல குவிச்சு வெச்சுட்டு, புது மெஷின் செய்யச் சொல்லி உள்ளயே உத்தரவு போடும். வேற வழியிலயும் குப்பையைக் கழிக்கப் பாக்கும். சமாளிச்சுட்டா எந்திரிச்சு உக்காந்துக்கும். அடுத்த தடவையும் நம்பர் எறங்கலீன்னா மருந்தை மாத்தோணும். அதைத் தாங்கறது உங்களுக்குச் செரமமுங்க."

பஸ்ஸில் வரும்போது இவர் ஒரே யோசனை. "எலை எடுக்கற ஆள் வரலீன்னதும் பக்கத்து மண்டபத்துல இருந்து ஆளக் கூட்டியாந்துருது பாத்தியா. கெட்டிக்காரச் செல்லுதான் புவனா."

"உங்களக் கொல்ல வந்ததுக்கு மாலை போட்டுக் கூட்டியாங்க" என்றேன்.

மறுநாளே அவருடைய அத்தை மகன் வீட்டில், அவன் முகம் வாடுமே என்று இரண்டு வாய் குடித்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் எதிர்வீட்டு நாய்கூடக் கேட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. "அவன் மொகம் வாடக்கூடாது, நான் மட்டும் தாலியறுத்துட்டு நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் எங்கள் மகள் நித்யஸ்ரீக்குக் கட்டுச்சோத்து விருந்து. மாசமாக இருப்பவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், அவள் புகுந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பிரசவத்துக்கு அழைத்து வரும் சடங்கு. துடியலூரில் சம்மந்தி வீடு. கூடம் நிறைய அவர்களுடைய பங்காளிகள். சம்மந்தியம்மா தெய்வாத்தாள் வெள்ளி டம்ளரோடு வந்தார்.

"கோத்தகிரில எந்தம்பி உங்களுக்குன்னே கிள்ளிக் குடுத்துவுட்ட பச்சைத் தேயிலைங்ணா. சூடா இருக்கறப்பவே குடிங்க."

இவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். பொண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து நான் என்ன பேச முடியும்? நித்யா கண்ணாலேயே அப்பாவைக் கெஞ்சினாள்.

இவர் டம்ளரை டீப்பாயின் மேல் வைத்தார்.

"வேண்டாமுங்க அம்மணி."

அந்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்ணா, எங்கூட்டுல ஏதாச்சும் கொறை வெச்சுப்போட்டமுங்களா?"

"ஒரு கொறையுமில்லீங்க. இது என்ற ஊசி மருந்தைக் கெடுத்துப்போடும்னு டாக்டரம்மா சொல்லீருக்காங்க." டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நான் பொழைக்கோணுமுங்க அம்மணி. நித்யா பெத்துக் குடுக்கறத மடில வெச்சுக் கொஞ்சோணும். நீங்க தப்பா நெனைச்சாலும் பரவாயில்லீங்க, நான் பொழைக்கோணும்."

தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையும் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார்.

தெய்வாத்தாள் டம்ளரை எடுத்துக்கொண்டார். "அப்பொ மொதல்ல பொழைங்கண்ணா. கோவிச்சுக்கறதெல்லாம் அப்பறமாப் பாத்துக்கலாம்" என்றவர், சமையல்கட்டைப் பார்த்து, "ஆராச்சும் அண்ணனுக்குச் சுடுதண்ணி கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ரிப்போர்ட்டில் நம்பர் நன்றாக இறங்கியிருந்தது. டீயை விட்டதாலா, மருந்து பிடிக்கவே இத்தனை நாள் ஆனதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காரணம் எதுவாக இருந்தால் எனக்கென்ன? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "புவனா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மெல்ல.

"பாக்கட்டுமுங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரும் அழுதார்.