ரெண்டு பேருக்கான செயின்

ஈசூனில் அந்த அடுக்குமாடி பிளாக்கில் போய் நூர்தீன் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'பழைய பைக் பாய்' என்று கேளுங்கள், கிண்டர்கார்டன் பிள்ளைகூடக் கை காட்டும். சாங்கி ஏர்போர்ட் கார்கோ பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். கல்யாணமான புதிதில் வாங்கிய பைக்கை இன்னும் விட்டபாடில்லை. அதை விற்றுத் தொலை என்று புத்தி சொன்ன நண்பர்களெல்லாம் இரண்டு மூன்று வண்டி மாற்றிவிட்டார்கள். இவர் செயினைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் கார்பார்க்கில் அட்டையை விரித்துப் போட்டு அந்த வேலைதான். ஆனால் இது மற்ற நாள் மாதிரி இல்லை. அவர் மனைவி பதுருன்னிசா, வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷமாக வீட்டோடு கிடந்தவள், முந்தின வாரம் வாயைத் திறந்து ஒன்று கேட்டிருந்தாள்.

"மச்சான், தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி நானே மீனு பார்த்து வாங்கணும். ஒங்க பைக்லதான் வருவேன்."

ஒரு வருஷமாக அவள் எதையுமே கேட்கவில்லை. 'சாப்பிடுறியா' என்றால் 'கொடுங்க' என்பாள், 'வேணாமா' என்றால் 'சரி' என்பாள். அப்படிப்பட்டவள் கேட்டதும் நூர்தீனுக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டர் சரி என்றுவிட்டார். மகள் நஸீஹாதான் குறுக்கே நின்றாள்.

"டாக்ஸி புக் பண்ணா முடிஞ்சது லா. எதுக்கு ரிஸ்க்? சரி, ஒரே ஒரு சான்ஸ். ஏதாவது பிராப்ளம்னா அம்மா இனிமே பைக் பக்கமே வரக்கூடாது. ஓகேவா வாப்பா?"

ஓகே என்றுவிட்டார். சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தால் செயின் துருப்பிடித்து, பல்சக்கரத்தின் பல்லெல்லாம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது. பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ்வேயில் இது அறுந்தால்? பல்சக்கரம், செயின் எல்லாம் புதுசு வாங்கினார்.

பல்சக்கரங்களை மாற்றி முடித்து, புதுச் செயினின் நுனியைப் பழைய செயினின் வாலோடு கோத்து மெல்ல இழுத்தார். பழசு வெளியே வர வர, அது போன வழியிலேயே புதுசு நழுவி வந்து உட்கார்ந்தது. எத்தனை தடவை செய்தாலும் இந்த இடத்தில் மனுஷன் வாயைப் பிளந்துவிடுவார். நகத்தளவு இரும்புத் துண்டுகள், ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, இரண்டு ஆளையும் ஒரு வண்டியையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. "சுப்ஹானல்லாஹ்" என்றார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கூடப் பார்க்காமல்.

இரண்டு நுனியையும் இணைத்துக் கிளிப்பைப் போட்டார். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், வாய் பின்னால் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசி அது கழன்றுவிடும். சரியாகத்தான் போட்டார். பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துத் திருகையும் ஒரே அளவு திருப்பி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கீழ்ச்செயினை விரலால் தூக்கினார். கட்டைவிரல் அகலத்துக்குத் தொய்வு. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் அவர் கை அதைத்தான் வைக்கும்.

பதுருன்னிசா லிஃப்ட்டிலிருந்து வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் மீன் வாங்கப் பை. பின்னாலேயே நஸீஹா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நஸீஹா, நீ முன்னாடி உட்காரு. நான் ஒரு தடவை செக் பண்ணிக்கிறேன்."

மகள் ஏறினாள். தொய்வு அப்படியே இருந்தது. அப்புறம் பதுருன்னிசா, மகள் தோளைப் பிடித்து, மூச்சை இழுத்து, பின்னால் ஏறினாள். வண்டி அமுங்கியது. நூர்தீன் குனிந்து விரலை வைத்தார்.

செயின் அசையவில்லை. கொடிக்கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

"என்ன வாப்பா, ப்ராப்ளமா? நான் சொன்னேன்ல?"

"ரொம்ப இறுகிடுச்சு. இப்படியே போனா அறுந்துடும்."

"முடிஞ்சது. அம்மா, எறங்குங்க. நான் டாக்ஸி பார்க்கிறேன்."

"நான் எறங்க மாட்டேன்" என்றாள் பதுருன்னிசா. "மச்சான், லூஸ் பண்ணுங்க. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கேன்."

நூர்தீனுக்கு அது காதில் விழவே இல்லை. எங்கே தப்பு? அவர் கை தப்பாதே! அப்போதுதான் உறைத்தது. கை தப்பவில்லை, கைக்குத் தெரிந்ததைத்தான் செய்திருக்கிறது. ஒரு வருஷமாக அவர் ஒற்றை ஆளாகத்தான் சாங்கிக்குப் போய் வருகிறார். அந்த ஒரு வருஷத்தில் அவர் கை ஒற்றை ஆளுக்கு செயின் வைக்கப் பழகிவிட்டது. அட பாவி மனுஷா, பெண்டாட்டிக்காக செயின் வாங்கி, அவளை விட்டுவிட்டுப் பூட்டியிருக்கிறாயே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

உடனே இன்னொன்றும் உறைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இதே பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கையைப் பின்னால் விட்டு அவள் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்த்தார். அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள். அன்றைக்கு இந்தச் செயினைப் போட்டிருந்தால் அவள் ஏறியது அதற்குத் தெரிந்தே இருக்காது. இன்றைக்கு விறைத்து நிற்கிறது.

விரலை எடுக்கவே மனசு வரவில்லை அவருக்கு. இந்தக் கறுத்த இரும்பு, எந்த டாக்டரும் சொல்லாத மாதிரி, அவள் உடம்பு தேறிவிட்டது என்று சொல்கிறது. கண் தளும்பிவிட்டது. சட்டைக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ்.

"வாப்பா, அழுவுறீங்களா?"

"கிரீஸ்ம்மா."

அவர்கள் இருவரையும் உட்கார வைத்தே நட்டைத் தளர்த்தி, திருகை எதிர்ப்பக்கம் திருப்பி, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, மறுபடி சக்கரத்தைச் சரிபார்த்தார். ஆள் ஏறினாலும் விரல் தூக்குகிற அளவு தொய்வு வந்தது. நட்டை இறுக்கிவிட்டு எழுந்தார். நஸீஹா இறங்கி, அம்மாவின் ஹெல்மெட் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பினார்கள். கார்பார்க்கிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சரிவில் பழைய எஞ்சின் முனகியது. ஒற்றை ஆளாக ஒரு வருஷம் விர்ரென்று ஏறிய சரிவு. நூர்தீன் கியரைக் குறைத்தார். வண்டி மூச்சு வாங்கி வாங்கி, பிடிவாதமாக ஏறியது.

பின்னாலிருந்து பதுருன்னிசா அவர் சட்டையை இழுத்தாள். "ஏன் மச்சான் இப்படி முக்குது? நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"ஆமா புள்ள" என்றார் நூர்தீன். "கனமாத்தான் இருக்கே."