கதவை மூடட்டுமா?

டெக்சாஸில், ரிச்சர்ட்சன் ஊரில் ஒரு ஹோட்டலில் நான் பிரியாணி மாஸ்டர். கூட்டத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மகளுக்கு நிக்காஹ் முடிவானதும் பயம் பிடித்துக்கொண்டது. சபை நடுவே உட்கார்ந்து, மாப்பிள்ளையிடம், "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று தகப்பன் சொல்ல வேண்டும்.

"பெரியத்தாவைச் சொல்லச் சொல்லும்மா" என்று என் அண்ணன் பக்கம் தள்ளிவிடப் பார்த்தேன்.

"நோ அத்தா. நீங்கதான் சொல்லணும்."

யூனிவர்சிட்டியில் மனநலம் படித்துக்கொண்டிருந்தவள், என்னை ஒரு அமெரிக்க தெரபிஸ்ட் அம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னதும் அவள்தான். சில வாரங்களில் ஒரு விஷயம் தெரிந்தது.

"அத்தா, உங்களுக்கு ஆட்டிசமாம். அதான் மிக்சி போட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓடுறீங்க."

"அப்ப நான் திமிர் பிடிச்சவன் இல்லையா?"

"யாரு சொன்னா அப்படி?"

"அஞ்சாங்கிளாஸ் வாத்தியார்."

முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று அவர் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு அடித்தார். அத்தோடு என் படிப்பு முடிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறையில் சொன்னேன்.

இந்த மாதிரிக் காயங்களுக்குப் போதை மருந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பேசிப் பார்க்கும் ஆராய்ச்சிகூட நடக்கிறது என்றாள் மகள். நான் எழுந்தே விட்டேன். "இங்க அதெல்லாம் இல்லை அத்தா, உட்காருங்க. டீ மட்டும்தான்." அந்த அம்மாவும் சிரித்தார்.

அவர் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். நாற்காலியை நகர்த்தலாமா, விளக்கைக் குறைக்கலாமா. முதலில் எப்போதும், "கதவை மூடட்டுமா?" நான் தலையை ஆட்டுவேன். அவர் மூடமாட்டார். அமெரிக்காவில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். திறந்த கதவு வழியே தண்ணீர் கேன் தெரியும். அதில் குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

ஒருநாள் வெளியே ஒரே சத்தம். அந்த அம்மா ஏதோ கேட்க, மகள் திரும்பினாள். "ஏன் எப்பவும் கதவை மூட வேண்டாங்குறீங்க?"

"எப்பம்மா வேண்டான்னேன்? சரின்னுதானே தலையை ஆட்டுனேன்!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கவாட்டில் ஆடும் நம் தலையாட்டல் அவருக்கு 'வேண்டாம்' என்று பட்டிருக்கிறது. அவள் சொல்லிக்கொடுக்க, அந்த அம்மாவும் தஞ்சாவூர்ப் பொம்மைபோல ஆட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, இப்போது மூடட்டுமா?" என்றார்.

யார் எது கேட்டாலும் தலையாட்டியே பழகியவன் நான். தலை ஆடவே தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். "வேண்டாம். திறந்தே இருக்கட்டும்" என்று வாயால் சொன்னேன். மகள் கை தட்டினாள்.

நிக்காஹ் அன்று டெக்சாஸ் வெயிலுக்காக ஹால் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டார்கள். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் சாத்திய கதவையே பார்த்தேன்.

"கதவைத் திறங்க" என்றேன்.

"இப்பவா பாய்?" என்றார் அவர்.

"ஆமா, இப்பத்தான்."

"ஏசி எல்லாம் வெளிய போகுது" என்று யாரோ முணுமுணுத்தார். பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தது. வெளியே கார்களும் என் பிரியாணி வெந்த பெரிய தேக்சாக்களும் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடி முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

ஹஜ்ரத் மாப்பிள்ளை பக்கம் திரும்பிச் சம்மதம் கேட்டார். அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மெல்லத் தலையை ஆட்டினான்.

"தலையை ஆட்டினா செல்லாது மாப்ளே, வாயால சொல்லுங்க" என்றேன். சொன்னது ஹஜ்ரத் இல்லை, நான்தான்.