கை கொடுங்கள் என்றொரு துண்டறிக்கை

ஒரு சிலேடை கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. ஐம்பதைத் தொட்டும் இந்த வியாதி தீரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியன் மின்விபத்தில் இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே இழந்தவர். இப்போது சிறுநீரகத்தைப் போலவே கையையும், வெளிநாடுகளில் முகத்தையும்கூட, இறந்தவரிடமிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். தோல், எலும்பு, நரம்பு, தசை எல்லாம் ஒரே கட்டாக. அவரும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆனால் கண்ணைத் தருகிற குடும்பங்களே கை என்றதும் பின்வாங்குகின்றனவாம். அதற்காக மருத்துவமனையில் ஒரு துண்டறிக்கை கேட்டார்கள். போயும் போயும் என்னிடம்.

இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் வைத்த பெயரான ‘கூட்டுத் திசு மாற்று’ என்று ஆரம்பித்தேன். “புடலங்கா கூட்டா, கீரைக் கூட்டா?” என்றாள் மனைவி. அதை அடித்துவிட்டு, பெரிதாக ஓர் உள்ளங்கைப் படம், அதன்கீழ் ‘கை கொடுங்கள்!’ என்று போட்டேன். எனக்கே கண் கலங்கியது.

அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். மறுநாளே குடியிருப்புச் சங்கச் செயலாளர் போன் செய்தார். “நான் ரெடி சார். சனி, ஞாயிறு ஃப்ரீதான். எத்தன மணிக்கு வரணும்?”

இரண்டாம் மாடி மாமி நேரிலேயே வந்துவிட்டார். “ஆத்துல பழைய போர்வை நிறைய இருக்கு, தரட்டுமா?”

“மாமி, நிஜக் கை. நாம போனப்புறம்.”

மாமி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். “சரி, அப்போ கட்டை விரலை எதோட சேர்த்துக் கட்டுவா?”

இறந்தவரின் இரண்டு கைக் கட்டை விரல்களையும் சேர்த்துக் கட்டுவோமே, அதைக் கேட்கிறார். எல்லாக் குடும்பமும் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அதுதான். செயற்கைக் கைகளைப் பொருத்தித்தான் உடலைத் திருப்பித் தருவார்கள், விரல்கள் உட்பட. இதை மருத்துவமனையில் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இடமில்லை என்று நான்தான் வெட்டியிருந்தேன். என்னுடைய எதுகை மோனைக்கு நாலு வரி தாராளமாக இருந்தது.

“அதைன்னா மொதல்ல போடணும்!” என்றார் மாமி.

படமும் சிலேடையும் இல்லாமல் மறுபடி எழுதி, எலக்ட்ரீஷியனிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“இது நல்லா கீது சார். அந்த மொத நோட்டீஸும் நீங்க எய்துனதுதானா? எலக்சன் நோட்டீஸுன்னு நெனச்சு எங்க ஊட்டுக்காரி தண்ணிக் கொடத்துக்குக் கீய போட்டுட்டா.”