ஏசாயாவின் பஞ்சுத் தாடி

மகளுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில், இரட்சகர் பிறப்பார் என்று முன்னறிவித்த ஏசாயா தீர்க்கதரிசி அவள். பசை வாசனை மூக்கில் ஏறியதும் வடக்குப்பட்டு சர்ச் நினைவுக்கு வந்துவிட்டது.

சிறு வயதில் அங்கே நான்தான் ஏசாயா. வசனம் சொல்லிக்கொடுத்த அப்பாவிடம், "இயேசுவும் ஒரு தீர்க்கதரிசிதானாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவங்கல்லாம் வருவாரு வருவாருன்னு சொல்லிக்கினே செத்துப் போனாங்க. சொன்ன மாதிரியே வந்தவரு இவரு."

"நாடகத்துக்கு நீ வருவியா?"

"ஏசாயா கூப்ட்டு வராம இருப்பனா?"

தாடி அரிக்க அரிக்க, வாசலைப் பார்த்தே வசனம் சொன்னேன். அப்பா வரவில்லை. "கம்பெனியில ஓ.டி. வேலை போட்டுட்டாங்கடி" என்றாள் அம்மா. மறுநாள், அப்பாவோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்: "ஓ.டி.யா? நேத்து கம்பெனியே லீவு பாப்பா." அம்மா என்னைப் பார்க்காமல் அரிசி களைந்தாள். அப்பா எங்கே போயிருந்தார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"அப்பா வருவாராம்மா?" என்றாள் மகள். என் கணவருக்கு அன்று இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் ஷிஃப்ட்.

"தெரியலடா. நான் வருவேன்" என்றேன். சொன்னதும், அதையும் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயமாக இருந்தது.