கூட்டம் குறைந்த நிறுத்தம்

எனக்கு என் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தால் மற்றவர்கள் அறையைப் பூட்டிக்கொண்டு படிப்பார்கள். நானோ திருக்கனூரில் என் வீட்டுக்காரரின் உரக்கடையில் யூரியா மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து, அவர் முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்தில் அங்கே வியாபாரம் இருக்காது.

வேகமாகச் சுழலும் அணுக்கருக்கள்தான் என் ஆராய்ச்சி. துகள் முடுக்கியில் ஒரு அணுக்கருவை இன்னொன்றின் மேல் மோதவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பம்பரம் தோற்றுப்போகும் வேகத்தில் சுற்றும். பிறகு காமாக் கதிர்களை ஒவ்வொன்றாக விட்டுப் படிப்படியாக அடங்கும். பதிவான கதிர்களை வரிசைப்படுத்தி ஏணி போல ஒரு படம் வரைய எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

வரிசைக்கு ஒரு விதி உண்டு. அதை அவருக்குப் பஸ்ஸை வைத்து விளக்கியிருந்தேன். திருக்கனூரில் கிளம்பும் பஸ்ஸில் வழியெல்லாம் ஆள் ஏறுகிறார்கள், யாரும் இறங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டி நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும். அதேபோல் ஏணியின் நடுவிலும் அணுக்கருக்கள் வந்து சேர்வதால், கீழ்ப்படிக்கு வர வரக் கதிர்களின் எண்ணிக்கை கூட வேண்டும்.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு படியின் பக்கத்திலும் எண்ணிக்கை போட்டிருந்தேன்.

"இன்னா இது? கூட்டம் கம்மியா இருக்கிற ஸ்டாப்ப பாண்டிகிட்ட வெச்சிருக்க?"

"அது சின்ன வித்தியாசம்தாங்க. நீங்க கடையப் பாருங்க."

"சும்மாதாம்மா கேட்டேன். கோச்சிக்காத."

கேள்வி சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. விதிப்படி வைத்தால், மேலே போகப் போகச் சீராகக் கூட வேண்டிய கதிரின் ஆற்றல் நடுவில் ஒரு படியில் குறைந்துவிடும். பக்கத்து அணுக்கருக்களில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஏணி அழகாக இருக்கட்டும் என்று அந்தப் படியையும் அதற்கு அடுத்த படியையும் நானேதான் இடம் மாற்றியிருந்தேன். வெட்கக்கேடு.

இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டேன். பஸ் விதிதான் ஜெயித்தது. அந்த இடத்தில் அணுக்கருவுக்குள் ஜோடியாக இருந்த இரண்டு துகள்கள் பிரிந்து, மொத்தச் சுழற்சியோடு சேர்ந்துகொள்கின்றன. அதனால் அணுக்கருவே சற்று நிதானமாகச் சுற்றுகிறது. என் ஐந்து வருஷத்தில் கிடைத்த மிக நல்ல விஷயம் அது. அசிங்கம் என்று நான் அழித்ததும் அதைத்தான்.

ஆய்வேடு தேர்வாளர் கையில் இருந்தது, பட்டம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஏணிப்படம் தப்பு. என் தப்புதான்."

அவர் ஒன்றுதான் கேட்டார். "அவங்க கேட்டா சொல்றியா, நீயா சொல்றியா?"

"நானே சொல்லிடறேன் மேடம்."

தேர்வன்று தவறான படத்தை முதலில் போட்டேன். எங்கே தவறு, ஏன் செய்தேன் என்று சொல்லிவிட்டு, அடுத்துச் சரியானதைப் போட்டேன். வெளியூர்த் தேர்வாளர் தன் கையிலிருந்த ஆய்வேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அதே இரண்டு படிகளைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தது.

"இதுதான் என் முதல் கேள்வியா இருந்திருக்கும்," என்றார். "எப்படிப் பிடிச்சீங்க?"

தேர்வைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் சொல்லிவிட்டேன்.