குசினி இல்லாத வீடு

இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு வழி சொல்வதில் ரொறொன்ரோவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறவரைக்கூட விடமாட்டேன். "ஹோட்டலுக்கு ஏன் காசைக் கரியாக்கிறியள்? என்ர அக்கா பொலோனியாவுக்குப் பக்கத்தில இருக்கிறா. அங்க நிண்டுகொண்டு வெனிஸ் ஒரு நாள், புளோரன்ஸ் ஒரு நாள், மிலான் ஒரு நாள். பின்னேரம் திரும்பி வந்தால் சுடச்சுடச் சோறு" என்று சொல்லி அக்காவின் நம்பரையும் கொடுத்துவிடுவேன். போய்விட்டு வந்தவர்கள் கலியாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட அக்காவைப்போல ஒருத்தர் கிடைக்கமாட்டா" என்பார்கள். ஏதோ நானே நின்று கறி வைத்து அனுப்பியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

போன வருடம் மறுபடியும் எங்கள் முறை வந்தது. மகள் படித்து முடித்து வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். மல்வேர்ன் வீட்டில் நானும் மனைவியும்தான். பத்து நாள் லீவு எடுத்து இத்தாலிக்குப் போவது என்று முடிவானதும், எங்கே தங்குவது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அக்கா வீடு இருக்கிறது, ரிக்கற் போட்டால் சரி என்று கொம்பியூட்டரைத் திறந்தேன்.

"அங்க நிக்கிறேல்லை" என்றாள் மனைவி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருடம் ஒரு சொல் மாறுபடாமல் பழகிய மச்சாள்மாருக்குள் இப்போது என்ன வந்தது? "உமக்கு என்ன கண்டறியாத பெருமை? அக்கா கேள்விப்பட்டால் என்ன நினைப்பா?" என்று கத்தினேன். நான் கத்தினால் அவள் தன் குரலை இன்னும் தாழ்த்துவாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். முன்பு அக்கா வீட்டுக்குப் போனபோது எடுத்த படங்களை போனில் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"இதில உங்கட அக்காவைக் காட்டுங்கோ பாப்பம்."

வெனிஸ் படகில் நானும் மகளும். புளோரன்ஸ் பாலத்தில் மூவரும். பிசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற கூத்தில் நான். அக்கா ஒரே ஒரு படத்தில் இருந்தார். தன் வீட்டு வாசலில், கையில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பொதிகளோடு, எங்களை வழியனுப்பிக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு மனைவி ஒரு விசயம் சொன்னாள். அந்தப் பயணத்தில் ஒரு நாள் தலையிடி என்று அவள் வெளிக்கிடாமல் நின்றவள். "நீங்கள் போனாப் பிறகு அவ எல்லாற்ற படுக்கை விரிப்பையும் தோய்ச்சுக் காயப்போட்டா. மத்தியானம் வேலைக்கு ஓடினா. வந்து உடுப்பும் மாத்தாமல் அடுப்படியில நிண்டா. 'மச்சாள், புளோரன்ஸ் எப்பிடி?' எண்டு கேட்டன். 'வடிவெண்டுதான் எல்லாரும் சொல்லுறவை' எண்டா."

அக்கா வீட்டிலிருந்து புளோரன்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம். அவர் இத்தாலியில் முப்பது வருடமாக இருக்கிறார். அத்தான் காலமாகிவிட்டார், மகன் ஜெர்மனியில், வயோதிபர் இல்லத்து வேலையிலிருந்தும் இப்போது ஓய்வு. இன்னும் புளோரன்ஸைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்கு ஆட்களை அள்ளி அள்ளி அனுப்பியவன் நான். வெட்கமாக இருந்தது, உள்ளபடி சொன்னால் மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"இந்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு திரியவேணும்" என்றாள். "ஆனா அவவின்ர வீட்டில நிண்டால் அவ குசினியை விட்டு வரமாட்டா. வேற இடத்தில, நாட்டுப்புறமாய் ஒரு வீடு பாப்பம். குசினி இல்லாத வீடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நயாகராவுக்கு ஒரு இரவு தங்கப் போனாலே சோறு அவிக்கிற குக்கரைக் காரில் ஏற்றுகிற குடும்பம் நாங்கள். ஆனால் அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. கொப்பியும் பேனையும் எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி செய்கிற வேலையைச் சொல்லவேண்டும். வயதானவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிற ஒரு கொம்பனியில், யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று நேரம் போடுகிறவள். பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு ஒரு மாதிரி, கார் வைத்திருக்கிறவளுக்கு வேறு மாதிரி. இத்தனை வருடமும் அந்த வேலையை நான் பெரிதாக எண்ணியதில்லை. வீடு தேடிய சனி, ஞாயிறுகளில்தான் அவள் மூளை எப்படி ஓடுகிறது என்று கண்டேன்.

நான் வடிவான வீடுகளைத் தேடித் தேடிக் காட்டினேன். நீச்சல் குளம், திராட்சைத் தோட்டம், மலை உச்சி, எல்லாம். அவள் வடிவைப் பார்க்கவே இல்லை. "கடைசி ரெயில் எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள். "போறது பெரிசில்லை, திரும்பி வாறதுதான் கஸ்ரம். பின்னேரம் களைச்சுப்போய் வாற மனுசிக்கு ஸ்ரேசனில இருந்து எவ்வளவு தூரம் நடை? ஏத்தமோ, சமதரையோ? அவவின்ர முழங்கால் உங்களுக்குத் தெரியும்தானே?" எனக்கு அக்காவின் முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

மலை உச்சி வீட்டைக் கொப்பியில் வெட்டினாள். கல் படிக்கட்டு வீட்டை வெட்டினாள். மூன்றாவதாக எனக்கு மிகவும் பிடித்த வீட்டில் ஆறு அடுப்பு இருந்தது. "இதைக் கண்டால் அடுத்த நாளே வெங்காயம் உரிப்பா" என்று அதையும் வெட்டினாள். மூலையில் ஒரேயொரு மின்னடுப்பு மட்டும் உள்ள அறையைக் காட்டினேன். "அவவுக்கு ஒண்டே காணும். இருபது பேருக்குச் சமைப்பா" என்றாள். பொறுமை கெட்டு, "அப்ப சுடுகாட்டில போய்த்தான் தங்கவேணும்" என்று எழும்பிப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் அதே இடத்தில் இருந்து அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கண்டுபிடித்தவள் அவள்தான். டஸ்கனியில், லூக்காவுக்கும் பிஸ்தோயாவுக்கும் இடையில், ஒலிவ் மரங்களுக்கு நடுவே ஒரு பண்ணை. அறைகள் நிலத்தோடு இருந்தன. ஸ்ரேசனுக்குச் சமதரையில் பத்து நிமிட நடை. லூக்காவுக்கும் புளோரன்ஸுக்கும் நேரே ரெயில், பிசாவுக்கு ஒரு மாற்றம், இருட்டின பிறகும் திரும்பி வரலாம். அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் மட்டும். இரவுச் சாப்பாட்டை வீட்டுக்காரி சமைத்து மேசைக்குக் கொண்டுவந்து வைப்பாளாம்.

விருந்தினர் பாவிக்க அடுப்பு ஏதாவது உண்டா என்று மனைவி எழுதிக் கேட்டாள். இல்லை, மன்னிக்கவும், வேண்டுமென்றால் சின்ன அடுப்பு ஒன்று வாங்கி வைக்கிறேன் என்று அந்த நல்ல மனுசி பதில் போட்டாள். என் மனைவி பதறிப்போய், தயவுசெய்து வாங்கவேண்டாம் என்று உடனே எழுதினாள். அந்தப் பதிலை எட்டிப் படித்துவிட்டு நான் அவளைப் பார்த்தேன். இவளோடு இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன், இவள் கெட்டிக்காரி என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "சரி சரி, அக்காவுக்குப் போன் எடுங்கோ" என்றாள்.

எடுத்து, நாங்கள் வருகிற கிழமையையும் பண்ணையையும் சொன்னேன். அக்கா முதலில் ஏசினார். "உனக்கு விசரே தம்பி? வீடிருக்க வாடகை அறையோ? சனம் என்ன கதைக்கும்?"

"நீங்களும் வாறியள் அக்கா. மூண்டு பேருக்கும் சேத்துத்தான் பாத்திருக்கிறம்."

"நான் எப்பிடி வாறது? அந்தக் கிழமை உங்கட பக்கத்து ஒஷாவாவில இருந்து ஒரு குடும்பம் வருது. அஞ்சு பேர். ஆர் சமைக்கிறது? நீதானே நம்பர் குடுத்தனி" என்றார்.

ஓம், நான்தான் கொடுத்தேன். ஒரு பிறந்தநாள் விழாவில், கேட்காமலே கொடுத்தேன். மனைவி என் போனைப் பார்த்தாள். ஒஷாவாக்காரருக்குப் போன் அடித்தேன். வாழ்க்கையில் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் கூசியது. "அண்ணை, குறை நினைக்கவேண்டாம். அக்கா வீடு இந்த முறை இல்லை. இனிமேலும் இல்லை." அவர், "இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்று வைத்துவிட்டார். இன்றுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். போகட்டும்.

அக்காவுக்கு மறுபடி எடுத்து, அவர்கள் வரவில்லை என்று சொன்னேன். "பாப்பம்" என்றார். எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால் அது மாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல். நாலு நாள் ஒரு செய்தியும் இல்லை. பண்ணைக்காரிக்கு அக்காவின் அறையை உறுதிப்படுத்தவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அக்கா இந்த முறை வராவிட்டால் இனி எந்த முறையும் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனைவி வேலையால் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அக்காவே எடுத்தார். குரல் வழக்கம்போல இல்லை, தயங்கித் தயங்கி வந்தது.

"தம்பி, பகிடி பண்ணாதை. ஊர் பாக்கப் போற ஆக்கள் பையுக்குள்ள என்னென்ன கொண்டுபோறவை? உங்களுக்கெல்லாம் சாப்பாடு கட்டித்தான் பழக்கம். எனக்கெண்டு என்ன வைக்கிறதெண்டு தெரியேல்லையடா."

நான் வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. போனை மனைவியிடம் நீட்டினேன்.

"ஒண்டும் வேண்டாம் மச்சாள்" என்றாள் அவள். "கையை வீசிக்கொண்டு வாங்கோ."